கூடு காலியான திகதி

ஷம்ரா மகளுக்கு,

என் குறிப்பேட்டில் திகதி பிழை இல்லை.

உங்கள் செய்தியைக் காலையிலேயே பார்த்தேன். மரியாதையாகத்தான் கேட்டிருந்தீர்கள். "சேர், பெப்ரவரி மூணாம் திகதி 'மூன்றும் பறந்தன, கூடு காலி'ன்னு எழுதியிருக்கீங்க. ஆனா அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்து டீ குடிக்கிறப்ப உங்க மக துஷாந்தினி அக்கா சொன்னாங்க, அம்மா தவறின பன்னண்டாம் திகதியும் கூட்டுல முட்டை இருந்திச்சுன்னு. ஒரு திகதி மாறிப் போச்சு போல. ரெண்டாவது தடவை இட்ட முட்டைய நானே சேத்து எழுதிக்கவா?" வயதான மனிதர், மனைவியை இழந்தவர், எங்கோ கை தடுமாறியிருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அது உங்கள் நல்ல குணம். ஆனால் நாற்பத்தொரு வருடமாகப் பறவைக் கூடுகளைப் பார்த்து எழுதிவருகிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டு கூடு. ஒன்றில்கூடத் திகதி மாறியது கிடையாது. என் குறிப்பேடுகளை வைத்து நீங்கள் எழுதும் ஆராய்ச்சியில் என் பெயருக்குப் பக்கத்தில் இல்லாத முட்டை இரண்டு ஏறப்போகிறது என்று நினைத்தபோது காலைச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நீங்கள் படித்த பிள்ளை. கொண்டைக்குருவியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. ஆனாலும் வாத்தியார் வாய் சும்மா இருக்காது. கறுத்த தலை, அதில் கட்டையாக ஒரு கொண்டை. பயந்தால் நிமிரும், பயம் தெளிந்தால் படியும். உடம்பு கபில நிறம். மார்பு இறகுகளுக்கு வெளிறிய ஓரம் இருப்பதால் மீன் செதில் போலத் தெரியும். எழும்பிப் பறக்கும்போது இடுப்பிலும் வால் நுனியிலும் வெள்ளை. வாலுக்கு அடியில் நல்ல சிவப்பு. குஞ்சுக்கு அந்தச் சிவப்பு மங்கல்தான். ஆணையும் பெட்டையையும் பார்வையில் பிரிக்க முடியாது. ஒரு கூட்டுக்கு இரண்டு அல்லது மூன்று முட்டை, வெளிர் ரோஸ் நிறத்தில் செம்புள்ளி தெளித்தது. பன்னிரண்டு நாளில் பொரிக்கும். பொரித்துப் பன்னிரண்டு பதின்மூன்று நாளில் குஞ்சு பறந்துவிடும். இந்தக் கணக்கில் எந்தக் கொண்டைக்குருவியும் என்னை ஏமாற்றியதில்லை.

மரம் செடி எல்லாம் இருக்க, மனிதர் வீட்டுக்குள் வந்து லைட்டின் மேல் கூடு கட்டுவதுதான் அதன் விசேஷம். கட்டினால் வீட்டுக்கு நல்லது, கலைத்தால் குடும்பம் கலையும் என்பார்கள். சிங்களவர் வீட்டிலும் உங்கள் முஸ்லிம் ஆட்கள் வீட்டிலும் எங்கள் தோட்டத்து லய வீடுகளிலும் இதில் ஒரே பேச்சுதான். குஞ்சு பறக்கும்வரை அந்த லைட்டைப் போட மாட்டார்கள், அந்த ஜன்னலைச் சாத்த மாட்டார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. படுக்கிற அறையில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தால், அந்தக் குடும்பத்தில் பிள்ளையில்லாதவளுக்குப் பிள்ளை தங்கும்.

எங்கள் மகள் துஷாந்தினிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பெரகல சந்தியிலிருந்து ஆட்டோவில் மேலே ஏறினால் இருபது நிமிடம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஓய்வு பெறுவதற்கு முன் ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீடு அது. பின்னால் கிராண்டிஸ் மரங்கள், முன்னால் தேயிலை, அதற்குக் கீழே பள்ளத்தாக்கு. பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் பனிமூட்டம் ஏறி வந்து வாசலில் நிற்கும். மார்கழி தையில் அது வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். என் மனைவி விஜயலெட்சுமிக்கு அந்தக் குளிர் ஆகவில்லை. இழுப்பு. இரண்டு வருடமாகவே படி ஏறினால் மூச்சு வாங்கும். போன வருடம் நவம்பரில் மார்பில் சளி கட்டிப் பதுளை ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். டாக்டர் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன்.

மகள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். "தை பொறக்கட்டும்பா, பொங்கல் முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் பதுளைக்கு வந்துருங்க. மேல் மாடி சும்மாதான கெடக்கு." விஜயா உடனே தலையாட்டினாள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எனக்குப் பிறந்த வழி மலையிலிருந்து இறங்கிப் போகிற வழி. பதுளையில் நான் யார்? காலையில் பாண் வாங்கப் போகிற கிழவன். மருமகன் வேலையிலிருந்து வந்தால் கதிரையை விட்டு எழும்புகிற மாமனார். மலையில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. கூடு ஒன்று கண்டால் கொழுந்து எடுக்கிற பெண்கள் மலையிலிருந்தே கூப்பிட்டுச் சொல்வார்கள். இறங்கிப்போக எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. "அங்கயும் குருவி இருக்குங்க, நான் ஆஸ்பத்திரி ஜன்னல்ல பாத்தேன்," என்றாள் விஜயா.

ஜனவரி மூன்றாம் திகதி ஒரு ஜோடி எங்கள் படுக்கை அறைக்குள் வந்து லைட்டுக்கு மேலே தொங்கிய பிரம்புக் கூடையில் நார் வைக்க ஆரம்பித்தது. தானாக வந்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அதே ஜோடி டிசம்பர் கடைசியில் முன் அறைக்குள் வந்து சுற்றிப் பார்த்தது. நான் முன் அறை ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கை அறை ஜன்னலைத் திறந்து வைத்தேன். விஜயா சீவிப்போட்ட முடியையும் கொஞ்சம் தும்பையும் ஜன்னல் கட்டையில் வைத்தேன். பிரம்புக் கூடையையும் நான்தான் தொங்கவிட்டேன். கூடு கட்டச் சொல்லி ஒரு குருவியைக் கட்டாயப்படுத்த யாராலும் முடியாது, மகள். இடம் காட்டலாம், அவ்வளவுதான்.

விஜயாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு இராக்கம்மா தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, படுக்கிற ரூமுலயே கட்டியிருக்கு. அடுத்த தைக்கு நீங்க பேரப்புள்ளைய தூக்குவீங்க," என்றாள். மகளுக்குப் போன் போட்டு, இறங்கி வருவதை ஒரு மாதம் தள்ளிப் போடச் சொன்னது விஜயாதான். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் வாயால் ஒன்றும் கேட்கவில்லை.

பத்தாம் திகதிக்குள் மூன்று முட்டை. ஜன்னல் ராப்பகலாகத் திறந்து கிடந்தது. ஊர் வழக்கம் அப்படித்தான். ஆள் படுக்காவிட்டால் அது படுக்கிற அறை ஆகாது என்று விஜயாவும் அங்கேயே படுத்தாள். "ராத்திரிக்கு மட்டும் சாத்திக்கலாமாங்க?" என்று விஜயா ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாள். இராக்கம்மாதான் முந்திக்கொண்டாள்: "வேணாம்க்கா, அதுக்கு வழி அடைச்ச மாதிரி ஆயிரும். பயந்து விட்டுட்டுப் போயிரும்." விஜயா என்னைப் பார்த்தாள். நாற்பத்தொரு வருடம் கூடு பார்த்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

பெட்டை பொழுது சாய்ந்து ஆறரைக்குள் கூட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் விடியும்வரை அசையாது. பதினொரு மணி நேரம் அந்த ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கலாம். விடிகிற நேரம் திறந்துவிட்டால் போதும். என் பழைய குறிப்பேடுகளில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இதை எழுதியிருக்கிறேன், நீங்களும் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். நான் ஊரைக் கெடுக்கவில்லை, ஊர் சொன்னதை மறுக்காமல் இருந்தேன். இரண்டும் ஒன்றா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டு கம்பளி, காலுக்கு மேஸ், காதுக்கு மஃப்ளர். விடியற்காலையில் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். சளி மருந்தை நேரத்துக்குக் கொடுத்தேன். தலையணை ஈரமாகப் போனால் மாற்றினேன். பனி உள்ளே வந்தால் தலையணை ஈரமாகும், அது புதினம் இல்லை.

மூன்றும் ஜனவரி இருபத்திரண்டில் பொரித்தன. அன்றைக்கு விஜயா சாமி படத்துக்குப் பூ வைத்தாள். பெப்ரவரி மூன்றாம் திகதி காலை ஏழே காலுக்கு முதல் குஞ்சும், எட்டுக்கு முன் மற்ற இரண்டும் ஜன்னல் வழியாகப் போயின. அவள் அப்போது குசினியில் அடுப்புக்கு முன்னால் குளிர்காய்ந்துகொண்டிருந்தாள், பார்க்கவில்லை. நான் கண்ணாடி கட்டிய மூங்கில் குச்சியை உயர்த்திக் கூட்டுக்குள் பார்த்தேன். காலி. குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதினேன். நீங்கள் சந்தேகப்பட்ட வரி அதுதான்.

அறைக்குள் வந்து, "பறந்துட்டுதாங்க?" என்று கேட்டாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. அடுத்த வாரமே பெட்டி கட்டிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "பறந்துட்டுது," என்றேன். "ஆனா பெட்டை திரும்பி வந்திருக்கு. மறுபடியும் முட்டை விட்டிருக்கு."

"எத்தன?"

"ரெண்டு."

கொண்டைக்குருவி சில நேரம் அதே இடத்தில் இரண்டாவது தடவையும் முட்டையிடும், அதில் பொய் இல்லை. ஆனால் குஞ்சு பறந்த அன்றே இடாது. அது அவளுக்குத் தெரியாது. விஜயா கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு, "ரெண்டாங்க? ரெட்டப் புள்ளையா இருக்குமோ?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் இருமல் வந்தது. அந்த இருமல் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். ஆனால் காலிக் கூட்டை மறைப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. உயரத்தில் இருக்கிறது, குச்சி என் கையில் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் குருவி முட்டையை விட்டுப் போய்விடும் என்றால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். குருவி வந்து போகாவிட்டால் சந்தேகம் வரும். அதற்காக அலுமாரியின் மேல் அவள் கண்ணில் படாதபடி பப்பாளித் துண்டு வைத்தேன். இரண்டு நாளில் வரத் தொடங்கின. அவள் படுத்தபடியே பார்த்து, "தாய் வந்துருச்சு," என்பாள்.

குறிப்பேட்டில் அந்த முட்டை இரண்டையும் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்றைக்கு நீங்கள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டீர்கள். பேனாவைக் கையில் எடுத்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. வீட்டில் பேசுகிறது வேறு, குறிப்பேடு வேறு.

எட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். தாயைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்னம்மா இப்புடி இழுக்குது? இன்னைக்கே வாங்க, கீழ வேன் நிக்குது."

"பொரிச்சிரட்டும்டி. பன்னண்டு நாள்தான்."

"குருவிக்காக ஒங்க உசுர விடப்போறீங்களா?"

"குருவிக்காக இல்லடி." விஜயா மகளின் வயிற்றை ஒரு தரம் தொட்டாள். "ஒனக்காகத்தான்."

துஷாந்தினி அழுதாள். அறை வாசலில் நின்ற என்னிடம் வந்து, "நீங்களாவது சொல்லுங்கப்பா," என்றாள். "அவ மனசுக்கு விரோதமா நான் என்ன சொல்ல?" என்றேன். அது ஒரு நல்ல கணவன் சொல்கிற பதில். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வேன் வெறுமையாகத் திரும்பிப் போனது.

இனி டாக்டர் சொன்னதை எழுதலாம். "மாஸ்டர், இன்னொரு தடவை குளிர் ஏறி நெஞ்சுல சளி கட்டினா இவங்க தாங்க மாட்டாங்க. நான் பயமுறுத்துறதுக்குச் சொல்லல்ல." தெளிவாகச் சொன்னார், நானும் தெளிவாகக் கேட்டேன். மகளிடம் இதை நான் சொல்லவே இல்லை.

பதினோராம் திகதி பின்னேரம் நாலு மணி இருக்கும். பனிமூட்டம் ஜன்னல் வழியாக வந்து கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் நின்றது. விஜயா இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. "ஏங்க," என்றாள். "கொஞ்ச நேரம் சாத்துங்களேன். அது வெளியிலதான போயிருக்கு. வர்றதுக்குள்ள தொறந்துரலாம்."

நான் ஜன்னல்வரை போனேன். கையை வைத்தேன். சாத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இன்றைக்குச் சாத்தினால் நாளைக்கும் கேட்பாள். பிறகு கூட்டைப் பார்க்கச் சொல்வாள். பிறகு வேன் வரும். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது. "முட்டை குளிர்ந்துரும்மா. தாய் எந்த நேரமும் வரும்," என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாள். "பாவம், அது மட்டும் என்ன பண்ணும்," என்றாள்.

காலையில் நான் கொத்தமல்லித் தண்ணீரோடு போனபோது அவள் இல்லை. முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று கேட்டால் தெரியாது. குளிராக இருந்தது.

துக்கத்துக்கு வந்த சனம் சொன்னதெல்லாம் ஒன்றுதான். வாயில்லாத சீவனுக்காகக் குளிரில் கிடந்து போன புண்ணியவதி. இராக்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எறும்புக்கும் தீங்கு நெனக்காத மனுசன், ஒங்களுக்கா இப்புடி," என்று அழுதாள். முட்டை என்ன ஆனது என்று யாரோ கேட்டார்கள். சத்தத்தில் குருவி விட்டுப் போய்விட்டது என்றேன். அதற்கும் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது, அதில் நடிப்பு இல்லை. முப்பத்தாறு வருடம் கூட இருந்தவள்.

என்ன செய்தேன் என்று ஒரு வரியில் வேண்டுமென்றால் இதுதான்: குளிர் ஏறினால் செத்துப்போவாள் என்று தெரிந்தும், காலிக் கூட்டைக் காட்டி, இல்லாத முட்டையைச் சொல்லி, என் மனைவியை ஒன்பது இரவு குளிரில் படுக்க வைத்தேன். அவளைக் கொல்ல வேண்டும் என்று நினைத்து எதுவும் செய்யவில்லை. பதுளைக்கு வர வேண்டாம் என்று நினைத்துத்தான் எல்லாம் செய்தேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மகள் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தனியாக விட முடியாது என்று ஒரே பிடி. இப்போது நான் மேல் மாடியில் இருக்கிறேன், நீங்கள் வந்து பார்த்த அதே அறை. வந்த மூன்றாம் நாள் காலையில் மொட்டை மாடியில் நின்று எண்ணினேன். பதினேழு கொண்டைக்குருவி. மலையில் ஒரு காலையில் ஒன்பதுக்கு மேல் நான் கண்டதில்லை. விஜயா சொன்னது சரிதான். ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம். அன்றைக்கு அந்த மாடியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே பெப்ரவரி மூன்று என்பது சரி. இரண்டாவது தடவை முட்டை இல்லை. தயவுசெய்து சேர்க்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நீங்கள் என்ன செய்தாலும் நான் மறுக்கப்போவதில்லை. பொலிஸில் கொடுத்தால் வந்து இதையே சொல்வேன். துஷாந்தினியிடம் காட்டுவதும் நியாயம்தான், செத்துப்போனது அவளைப் பெற்ற தாய். ஆனால் ஒன்று மட்டும் யோசியுங்கள். அவளுக்கு இப்போது ஆறு மாதம். அன்றைக்கு நீங்களே பார்த்தீர்கள், படி ஏறவும் கை பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள். அம்மாதான் வந்து பிறக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் இதைப் போய்ச் சொன்னால் அவள் உடம்பு தாங்குமா? எனக்காகக் கேட்கவில்லை, மகள். அந்தப் பிள்ளைக்காகக் கேட்கிறேன். நல்லபடியாகப் பிறக்கட்டும். பச்சை உடம்பு கொஞ்சம் தேறட்டும். நாலு மாதம்தான், அதற்கு மேல் ஒரு நாளும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
ரெங்கசாமி மாஸ்டர்